மேனேஜருக்கு மிச்ச மாத்திரை

தெருவில் அவளுக்கு ‘ஒட்டுத்துணி அக்கா’ என்று பெயர். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், உண்மை அதுதானே. கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்தால், வெட்டிய துண்டு திரும்ப வீட்டுக்கு வராது. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தொங்கும் பைக்குள் போய்விடும். என்றைக்காவது எவனாவது முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றால், அதே நிறத்தில் ஒட்டுப்போடத் துண்டு தயாராக இருக்கும். அதற்குக் கூலியும் வாங்க மாட்டாள். அப்படிப்பட்டவளை யாருக்குத்தான் பிடிக்காது?

அவள் தையல் கடைக்கு மேனேஜர் ஒரு பூனை. சாம்பல் நிறம், மடங்கிய ஒரு காது, வயதும் ஆகிவிட்டது. வெட்டு மேஜையில் எந்தத் துணியை விரித்தாலும் அதன் நட்டநடுவில் வந்து உட்காருவதுதான் அதன் உத்தியோகம். “கொஞ்சம் நகருங்க மேனேஜர், கத்தரி வருது” என்று அவள் மரியாதையாகத்தான் கேட்பாள். கட்டின புருஷனுக்கு இந்த ‘ங்க’ ஒருநாளும் கிடைத்ததில்லை என்று பஸ் ஓட்டுநரான அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார்.

போன வருஷம் மேனேஜருக்கு நீர்க்கடுப்பு வந்தது. மணல் தட்டில் போய்ப் போய்க் குந்தும். வருவது இரண்டு சொட்டு, அதிலும் ரத்தம். கால்நடை மருத்துவமனையின் டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். மாத்திரை பாதிகூடத் தீரவில்லை, பூனை பழையபடி மேஜை மேல் ஏறிவிட்டது. குணமான பிறகு மருந்து எதற்கு? ஒரு சாண் துணியை வீசாத கை மாத்திரையை மட்டும் வீசுமா? எடுத்துப் பத்திரப்படுத்தினாள். மறுபடி கடுப்பு வந்தபோது மிச்ச மாத்திரையில் இரண்டு கொடுத்தாள், அடங்கியது. அதற்கடுத்த தடவையும் அப்படியே. சைக்கிள் கடைக்காரரின் நாய் சுவருக்குச் சுவர் காலைத் தூக்கி ஒன்றும் வராமல் தவித்தபோது, “இதைக் குடுங்கண்ணா, கைகண்ட மருந்து” என்று அதற்கும் நாலு பிய்த்துக் கொடுத்தாள். தாராள மனசு, என்ன செய்ய.

இந்தத் தடவை மாத்திரை எடுபடவில்லை. மேனேஜர் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு மிஷினுக்கு அடியில் போய் முடங்கியது. தொட்டால் உடம்பு கொதித்தது. கூடையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

“முன்னாடி நான் குடுத்ததை எல்லாம் குடுத்து முடிச்சீங்களாக்கா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“எதுக்கு முடிக்கணும்? ஒண்ணுகூட வீணாக்கல டாக்டரம்மா. மிச்சம் பிடிச்சு வச்சு, தேவைப்படும்போது மட்டும் குடுத்தேன்” என்றாள். ஒரு சபாஷ் வரும் என்று எதிர்பார்த்தாள் பாவம். டாக்டரம்மா கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். திட்டியிருந்தாலாவது தேவலை.

பூனையின் அடிவயிற்றில் ஊசி குத்திச் சிறுநீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா அவளை உட்கார வைத்துச் சொன்னார். “வழக்கமா குடுக்கிற மருந்து எதுக்கும் இந்தக் கிருமி அசைய மாட்டேங்குதுக்கா. அரைகுறையா குடுத்துக் குடுத்து நிறுத்தினதுல, சாகிறது செத்துப்போச்சு, மருந்தைத் தாங்கிக்கிறது மட்டும் தங்கிப் பெருகிடுச்சு. இப்ப கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. ஒரே ஒரு ஊசிக்குத்தான் கேக்கும் போல. அதுவும் கிட்னியைப் பாதிக்கக்கூடிய ஊசி, அடிக்கடி ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் போடணும். தினமும் கொண்டுவாங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது.”

“பொழைச்சுடுமா?”

“பார்க்கலாம்.”

வரும் வழியில் சைக்கிள் கடை முன்னால் நின்றாள். “அண்ணா, அன்னைக்குக் குடுத்த மாத்திரை இருந்தா திருப்பிக் குடுங்க.”

“குடுத்ததைத் திருப்பிக் கேக்குற ஆளாம்மா நீ?”

“இன்னைக்குக் கேக்குறேன். நான் பெரிய வைத்தியச்சி மாதிரி குடுத்துட்டேன். உங்க நாயை டாக்டரம்மாகிட்ட காட்டுங்க, கையெடுத்துக் கும்பிடுறேன்.” அந்த மனுஷர் கிரீஸ் கையோடு உள்ளே போய் மாத்திரைகளைத் தேடி எடுத்து வந்தார். மறுநாள் நாயையும் கூட்டிப்போனார்.

தினமும் ஊசி. கூடையைக் கண்டாலே மேனேஜர் உறுமியது. அவள் மடிக்கு வருவதில்லை, மேஜைக்கும் வருவதில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக யாரும் குறுக்கே உட்காராமல் நிம்மதியாகத் துணி வெட்டலாம். வெட்டினாள், எல்லாம் கோணிக்கொண்டு போனது. “என் கையாலயே கெடுத்துட்டேனேய்யா” என்று கணவரிடம் சொல்லி அழுதாள். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எழுந்து போய் மணல் தட்டைக் கழுவி வைத்தார்.

ஒருநாள் பிற்பகல் கோட்டுக்கென்று வந்த விலையுயர்ந்த துணியை விரித்துவிட்டு அவள் கோடு போடுகிற சாக்குக்கட்டியைத் தேடித் திரும்பினாள். துணியின் நட்டநடுவில் மேனேஜர். குந்தியது. சொட்டு இல்லை, இரண்டு சொட்டு இல்லை. நிதானமாக, தாராளமாக, ஓரம் வரை பரவி மேஜையிலிருந்து வழிகிற அளவுக்குப் பெய்தது. ரத்தத்தின் சாயல்கூட இல்லை.

“இங்க வந்து பாருய்யா” என்று அவள் கூப்பிட்ட குரலில் கணவர் பதறிக்கொண்டு வந்தார். நாசமாய்ப் போன துணியைப் பார்த்தார். பக்கத்தில் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்தார். இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்.

“நல்லாயிடுச்சில்ல, பாவம், இன்னைக்கு ஊசியை விட்டுடேன்” என்றார் விஷயம் புரிந்ததும்.

அவள் அதற்குள் கூடையை எடுத்துவிட்டாள். மேனேஜர் அவள் மணிக்கட்டைப் பிறாண்டியது, சீறியது, இருக்கிற வசவையெல்லாம் பூனை மொழியில் கொட்டியது. அவள் அதை மார்போடு சேர்த்து அணைத்துக் கூடைக்குள் இறக்கினாள்.

“திட்டுங்க மேனேஜர், நல்லா திட்டுங்க” என்றாள். “நீங்க இருந்து திட்டணும். எனக்கு அது போதும்.”