பூஜை அறைக் கரி

தஞ்சாவூரில் ஒன்பது ஆண்டுகள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்த அன்று காலை, வீட்டுக்காரர் ஒரு நோட்டோடு வந்தார். கூடவே அவர் மனைவியும். கும்பகோணத்தில் நாங்கள் பார்த்திருந்த வீடு அவருடைய சம்பந்திக்குச் சொந்தம். "பழைய வீட்டை எப்படி விட்டுட்டு வர்றீங்கன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், சாவி தர்றேன்" என்று சம்பந்தி சொல்லியிருந்தார். வாசலில் லாரி நின்றது.

எங்கள் குற்றங்கள் மூன்று: ஹாலில் பதினோரு ஆணித் துளைகள், குளியலறைக் கதவில் ஒரு விரிசல், ஜன்னலில் உடைந்த கண்ணாடி ஒன்று. மூன்றையும் முந்தைய வாரமே சரிசெய்திருந்தேன். அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. பார்க்க வருகிறவர்கள் எழுதிக்கொண்டு வருவதில்லை. இவர் தம் வீட்டிலேயே எழுதி முடித்துவிட்டு வந்திருந்தார்.

பின்சுவரில் ஈரம் என்றார். பின்னால் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் அந்தச் சுவர் ஆண்டுதோறும் ஊறும்.

"தரையை ரொம்பக் கழுவுறீங்க சார்" என்றார். சுத்தமாக இருந்ததும் குற்றத்தில் சேர்ந்தது.

பிறகு வாசித்தார்: "பூஜை ரூம் மாடத்துல விளக்குக் கரி. வெள்ளையடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. அப்பதான் சம்பந்திகிட்ட பேசுவேன்."

நாங்கள் லுத்தரன் கிறிஸ்தவர்கள். அந்த அறையில் ஒன்பது ஆண்டும் அரிசி மூட்டைதான் இருந்தது. அவருக்கு இது தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக் கேக்கைச் சாப்பிட்டவர். பொய் சொல்வதற்குக்கூட உழைக்காத மனிதரை என்னவென்று சொல்வது?

"எங்க அரிசி மூட்டைக்கு யாருங்க விளக்கேத்துனா?" என்று கேட்டாள் என் மனைவி.

அவர் நோட்டைப் புரட்டினார். அவர் மனைவி சிரித்துவிட்டார். "நல்லா கேட்டீங்க. நாங்க இங்க இருந்தப்ப நான் ஏத்துன விளக்குங்க அது. காலி பண்ற எல்லார்கிட்டயும் இதையேதான் படிக்கிறாரு. யாரும் அடிச்சுக் குடுத்த பாடில்ல."

நான் குடிவந்த நாளின் டைரிப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். பின்சுவரில் இடுப்புயர ஈரம், மாடத்தில் கரி என்று இரண்டும் அதில் இருந்தன. அவர் அங்கேயே நின்று ஃபோன் போட்டார்.

"சம்பந்தி, வீட்டைச் சுத்தமாத்தான் விட்டுருக்காங்க. ஆனா ஒண்ணு, எல்லாத்தையும் எழுதி வச்சுக்குறாங்க. பார்த்துக்கங்க."

மாலையில் கும்பகோணம் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி சாவியோடு வாசலில் காத்திருந்தார். உள்ளே அவசரமாக அடித்த சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. குளியலறையில் ஒழுகும் குழாயை மட்டும் ஒரு வாளியை வைத்து மறைத்திருந்தார்.