கை எடுத்தால் புளிக்கும் மா

மகளுக்குப் பின்னல் போடும்போதுதான் மனைவி அதைக் கவனித்தாள். ஒரு தோள் மற்றதைவிட உயர்ந்திருந்தது. முதுகெலும்பு வளைகிறதோ என்று சந்தேகப்பட்ட டொக்டர் ஆஸ்பத்திரிக்கு எழுதினார். தொலைபேசியில் அழைத்து நாள் குறித்துக்கொள்ளும்படி அங்கிருந்து கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி, கவுன்சில் அலுவல்கள் என் பொறுப்பு. அந்தக் கடிதம் ஏழு வாரம் என் வேனுக்குள் கிடந்தது.

கேட்டபோதெல்லாம் லைன் பிசி என்றேன்.

"பிரதமரோட கதைக்கிறது இதைவிட லேசுபோல கிடக்கு," என்றாள் மனைவி.

உண்மையில் நான் ஒரு தடவைகூட அழைக்கவில்லை. அழைத்தால் நாள் தருவார்கள், நாள் வந்தால் எக்ஸ்ரே படம் எடுப்பார்கள், எடுத்தால் தெரிந்துவிடும். தெரியாதவரைக்கும் மகளுக்கு ஒன்றுமில்லை என்று நான் இருந்துவிடலாம். அவளுக்குப் பதின்மூன்று வயது. வளரும் வயதில் வளைவும் சேர்ந்து வளரும் என்று டொக்டர் சொன்னது மறக்கவில்லை. தினமும் காலையில் இன்றைக்கு என்பேன், மாலையில் நாளைக்கு என்பேன்.

நான் எலெக்ட்ரீஷியன். பாஸ்காப் பண்டிகைக்குச் சில வாரம் முன்பு, வடக்கு லண்டனில் யூதர்கள் கையால் புளிப்பில்லா அப்பம் சுடும் ஒரு நிலவறைக்கு, நின்றுபோன விசிறியைத் திருத்தப் போனேன். நீள மேசையின் இருபுறமும் பெண்கள் உருட்டுகட்டையோடு நின்றார்கள். கோடியில் விறகு அடுப்பு. மாவில் தண்ணீர் பட்டதும் ஒருவர் உரக்கக் கூவினார். சுவரில் இருந்த கடிகாரம் ஓடத் தொடங்கியது. பதினெட்டு நிமிடத்துக்குள் குழைத்து, தேய்த்து, சுட்டு முடிக்க வேண்டும்.

நான் அந்த ஓட்டம் முடியும்வரை பொறுத்திருந்திருக்க வேண்டும். விசிறிக்குத் தனி லைன் என்று நினைத்து சுவிட்சை இறக்கினேன். அறை முழுதும் இருண்டது.

"ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்," என்றேன் ஆங்கிலத்தில்.

உருட்டுகட்டைகளின் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. அடுப்பின் செந்நிறத்தில் கைகள் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. இருபது பேர் இருட்டில் ஒரு கணமும் கையை எடுக்காமல் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கோயிலில்கூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. சுவிட்சைத் திரும்ப ஏற்றியும் நிற்கவில்லை; பிழையைத் தேடித் திருத்தி விளக்கு வந்தபோது பதினெட்டு நிமிடமும் முடிந்திருந்தது. அடுப்பை எட்டாத உருண்டைகளை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எறிந்தார்கள்.

மேற்பார்வையாளர் என் வயதுக்காரர், தாடியெல்லாம் மா. மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லை. எங்கள் ஆட்கள் இவ்வளவு அமைதியாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. நாளைக்கும் வந்து விளக்கை அணைத்துவிடுங்கள்."

"ஒரு நிமிஷம் பிந்தினால் மாவுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"கை வேலை செய்யும்வரை அது புளிக்காது. சும்மா விட்டால்தான் புளிக்கும். கடிகாரம் எங்களைப் போன்ற சோம்பேறிகளுக்கு." பிறகு, கையைத் துடைத்தபடி, "செய்ய வேண்டிய நல்ல காரியமும் அப்படித்தான் என்பார்கள் எங்கள் பெரியோர். கைக்கு வந்ததைப் புளிக்கவிடாதே," என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். விசிறியை ஓடவிட்டு, வேனில் ஏறி, அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து, அங்கேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். நான்கே நிமிடத்தில் எடுத்தார்கள்.

"பதில் வராததால் உங்கள் மகளின் கோப்பைப் போன வாரம் மூடிவிட்டோம். உங்கள் டொக்டர் திரும்ப எழுத வேண்டும்," என்றாள் தொலைபேசியை எடுத்த பெண்.

வீட்டுக்குப் போகாமல் நேரே டொக்டரின் கிளினிக்குக்குப் போனேன். பிழை என்னுடையது என்று வரவேற்பு மேசையில் சொல்லி, எழுத வைத்துவிட்டே வந்தேன். பிறகு சமையலறையில் இருவரையும் இருத்தி, ஏழு வாரக் கதையைச் சொன்னேன்.

"அப்பா, பிசி எண்டு சொன்னீங்கதானே?" என்றாள் மகள்.

"ஓம். பொய் சொன்னனான். பயம்."

அவள் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டாள். "எனக்கும் பயம்தான். நீங்கள் கேட்கேல்லையே."

மனைவி எழுந்து கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி, பேனையோடு என் முன்னால் வைத்தாள்.