வழி விட்டே மூழ்குகிறவர்

உலகத்துச் சமுத்திரங்கள் எல்லாம் கூடி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பது என்று வந்தால், போட்டியே இல்லாமல் ஜெயிக்கப் போவது வாலுவின் அப்பாதான். திமிங்கிலம் மூச்சு விடக் கற்றுக்கொண்டதே அவரைப் பார்த்துத்தான். புயல்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கிளம்பும். ஒரே ஒரு சின்னக் குறை. அவருக்கு நீச்சல் தெரியாது.

ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகில் கயிறு போடுகிற வேலை அவருக்கு. படகு கரையைத் தொடும் முன்பே குதித்து, கயிற்றை இரும்புத் தூணில் சுற்றி, பலகையைப் போட்டு, "பார்த்து, மெதுவா, நீங்க முன்னால போங்க" என்று ஒவ்வொருவரையும் இறக்கிவிட வேண்டும். வாலு பிறப்பதற்கு முன்பிருந்தே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். பாதி ஆயுசு தண்ணீருக்கு மேலேயே போய்விட்டது. உள்ளே இறங்கத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு சின்னப் பெண் பலகையில் வழுக்கி ஆற்றில் விழுந்தாள். பயணி ஒருவர் சட்டையோடு குதித்துத் தூக்கிவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாதான் கையில் கயிற்றோடு நின்ற இடத்திலேயே நின்றார். மறுநாளே சூப்பர்வைசரிடம் போய், "மழை முடியறதுக்குள்ள நான் நீந்தக் கத்துக்கறேன். முடியலைன்னா என்னை டிக்கெட் ஜன்னலுக்கு மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"யாராவது கேட்டாங்களா? உங்களை யாராவது கேட்டாங்களா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீந்தத் தெரியாதவன் அந்தப் பலகைகிட்ட நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

டிக்கெட் ஜன்னல் என்பது பின்னால் சுவரும் முன்னால் கம்பியும் உள்ள ஒரு பெட்டி. அங்கிருந்து ஆறு தெரியாது. லீவு நாளில்கூடக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற மனுஷன், அந்தப் பெட்டிக்குள் ஒரே வருஷத்தில் வாடி வதங்கிவிடுவார். இது வாலுவுக்குத் தெரியும். அதற்காக அவரைக் கிண்டல் செய்யாமல் விட முடியுமா?

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. காலையில் குளியலறைக் கதவைத் தட்டினால் உள்ளிருந்து "குளு குளு" என்று சத்தம் மட்டும் வரும். வாளிக்குள் முகத்தை விட்டு மூச்சுப் பயிற்சி. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்று வாலு வெளியே குதிப்பாள். கட்டிலில் குப்புறப் படுத்துக் காலை அடித்ததில் மேஜை விளக்கு போயிற்று. அம்மா தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குக் குடிபெயர்ந்தாள்.

"அப்பா, நீங்க குளத்துல நீந்தப் போறீங்களா, இல்ல அதைக் குடிச்சே முடிக்கப் போறீங்களா?"

"சிரி, சிரி" என்பார் அவர், காதில் தண்ணீரைத் தட்டியபடி.

நீச்சல் குளத்தில் இன்னும் மோசம். கையும் காலும் சீக்கிரமே பழகிவிட்டன. ஆனால் பாதித் தூரத்தில் எதிரே யாராவது வந்தால் போதும், அப்பா நின்றுவிடுவார். "நீங்க போங்க, நீங்க முன்னால போங்க" என்று கையைக் காட்டுவார். காட்டியபடியே மூழ்குவார். விசில் வைத்திருக்கும் பயிற்சியாளர் நீளக் கம்பை நீட்டி இழுத்துப் போடுவார்.

"அண்ணே, இது நீச்சல் குளம், பஸ் ஸ்டாண்டு இல்ல. வர்றவங்க போறவங்களை எல்லாம் நீங்க எதுக்கு அனுப்பி வைக்கறீங்க?"

"வேணும்னு பண்ணலைங்க. கை தானா போயிடுது."

இப்படியே மழையும் ஓய்ந்துவிட்டது. மறுநாள் குளத்தை மராமத்துக்காக மூடுகிறார்கள். இன்றே ஒரு கரையிலிருந்து ஆழமான மறுகரை வரை நிற்காமல் போக வேண்டும், இல்லையென்றால் ஜன்னல். அப்பா உடை மாற்றப் போனபோது குளத்தில் ஒரே கூட்டம். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த வாலு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தாள். இத்தனை பேருக்கும் வழி விட்டால் அப்பா இன்று குளத்தின் அடியிலேயே தங்கிவிடுவார். மெதுவாக எழுந்துபோய் குளத்தில் இருந்த இரண்டு அக்காக்களிடம் மூக்கைப் பிடித்தபடி ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கரையேறினார்கள். குளம் கண்ணாடி மாதிரி ஆயிற்று.

அப்பா இறங்கினார். கால் பகுதி, பாதி... வாலு கரையோரமாகவே கூட நடந்தாள். அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து, காதில் பஞ்சு வைத்த ஒரு பருமனான அம்மா, யார் சொன்னதும் கேட்காமல், தொபுக்கென்று இறங்கி நேராக அப்பாவை நோக்கி நீந்தி வந்தார்.

போச்சு! எல்லாம் போச்சு.

அப்பாவின் கை வேகம் குறைந்தது. தலை ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது. வலது கை வழி காட்ட மேலே எழுந்துவிட்டது. அப்புறம் என்ன நினைத்தாரோ, அதே கையைத் தண்ணீரில் ஓங்கி அடித்து, படகுக்குக் குறுக்கே வரும் தோணிக்காரர்களைப் பார்த்துக் கத்துகிற அதே குரலில், "ஓரம்! ஓரம் போங்கம்மா!" என்றார். காதில் பஞ்சு இருந்தும் அந்த அம்மா ஒதுங்கினார். அப்பா பாதித் தண்ணீரைக் குடித்து, மீதியைக் கிழித்துக்கொண்டு போய் மறுகரைக் கம்பியைப் பிடித்தார்.

இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடணும், ஜன்னலுக்கு வேற ஆளைப் பாருங்கன்னு" என்றார் முதலில். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். ஆழப் பக்கத்துக் கரையில், காலை முழங்கால் வரை தண்ணீருக்குள் விட்டபடி வாலு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க என்ன பண்ற?"

"கால் கழுவறேன்."

"ஏதோ கொழந்தை குளத்துல அசிங்கம் பண்ணிடுச்சாமே. உள்ள பேசிக்கிட்டாங்க."

"அய்யய்யே! எந்தக் கொழந்தைப்பா?"

"எந்தக் கொழந்தைன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் தைரியமா இறங்கினேன்." அவர் கம்பியை விடாமல் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார். "அது கெடக்கட்டும். கால் கழுவறவ மூக்குக்கண்ணாடியை எதுக்குக் கழட்டி வெச்ச?"

வாலு கண்ணாடியை எடுத்து அவசரமாக மாட்டிக்கொண்டாள்.

"குதிச்சு என்னடி பண்றதா இருந்த? உனக்குத்தான் நீச்சலே தெரியாதே!"