மாடி போர்ஷனுக்கு ஃப்ரெண்ட் தேவை

காட்டூரில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி போர்ஷன் காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன். வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் பழகிப் பார்க்க வேண்டும் என்றார். சனிக்கிழமை சாயங்காலம் காவிரிக் கரையோர ஓட்டல் ஒன்றுக்கு வரச் சொன்னார்.

"எனக்கு டெனன்ட் வேணாம்மா. ஃப்ரெண்டுதான் வேணும்."

அந்த ஓட்டலின் ஒரே பெருமை ஆறு. தண்ணீர் திறந்துவிடாத மாதம் அது. மணல், கோரைப்புல், நடுவில் பச்சையாக ஒரு குட்டை. அங்கிருந்து கொசுக்கள் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தன. ஆனாலும் கரையோர மேஜைகளுக்குத்தான் அடிதடி. உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போனபோது வீட்டுக்கார அம்மாவுக்கு எதிரே இன்னொரு பெண்ணும் இருந்தாள். என் வயதுதான். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. அவளுக்கும் அதே மாடிதான் வேண்டும். ஒரு போர்ஷன், இரண்டு ஃப்ரெண்ட். எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஒப்பிட்டுப் பார்க்க, புடவைக் கடை போல வசதியாக இருந்திருக்கும் அந்த அம்மாவுக்கு.

விரால் வறுவல் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே அவர் வீட்டின் விதிகளைச் சொன்னார். மாடியில் முட்டைகூட வேகக் கூடாது. நான் அவர் தட்டைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"வீடு அந்தக் கரைல இருக்கு. மீன் இந்தக் கரைல இருக்கு. அவ்வளவுதாம்மா."

பிறகு பழக ஆரம்பித்தார். தொழிற்சாலையில் வால்வு சோதிப்பது என் வேலை. எடுத்தவுடன் முழு அழுத்தம் கொடுக்க மாட்டோம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எங்கே கசிகிறது என்று பார்ப்போம். அந்த அம்மாவின் கேள்விகளும் அதே வரிசையில் வந்தன. முதலில் சொந்த ஊர். பிறகு ஊரில் எந்தப் பக்கம். பிறகு அப்பாவின் வேலை, தாத்தாவின் நிலம். எதிலும் முடிவு தெரியாவிட்டால் கடைசியாகக் குலதெய்வம். அதைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான், ஆனால் கேட்டவர் சாதியைக் கேட்கவில்லை. பக்தியாகக் கேட்டார்.

என்னை முதலில் கேட்டார். வையம்பட்டி என்றேன், அப்பாவுக்கு விவசாயம் என்றேன், யோசிக்காமல் சாமி பெயரையும் சொன்னேன். "ஓ, அவங்களா நீங்க," என்று முகம் மலர்ந்து, மீனில் பெரிய துண்டாக எடுத்து என் தட்டில் வைத்தார்.

அவள் மருங்காபுரி என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றாள். அப்பாவுக்கு என்ன வேலை என்றார். இப்போது உடம்பு முடியாமல் வீட்டில் இருக்கிறார் என்றாள். ஒன்றும் கசியவில்லை. அந்த அம்மா விரலைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி, உங்களுக்குக் குலதெய்வம் எதும்மா என்றார்.

அவள் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். கீழே வைப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

"ஏங்க, குலதெய்வத்தைப் பொறுத்து மாடிக்குத் தண்ணி ஏறுமா, ஏறாதா?"

அந்த அம்மா கோபப்படவில்லை. சும்மா பழக்கத்துக்குக் கேட்டேன், ஃப்ரெண்ட்ஸுக்குள்ள இதெல்லாம் தப்பா எடுத்துக்கலாமா என்றார். அதன் பிறகு தன் அக்கா மகளின் வெளிநாட்டு வீட்டைப் பற்றியே பேசினார். கை கழுவும் இடத்தில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது, சொந்தக்காரர் ஒருவர் அந்தப் போர்ஷனைக் கேட்டிருந்தாராம்.

பஸ் ஸ்டாப்புக்குச் சேர்ந்தே நடந்தோம். நன்றி சொல்லுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்களை யாருங்க பேசச் சொன்னது?" என்றாள். "கூட வேலை செய்யற பொண்ணுகிட்ட கேட்டு, ஒரு கோயில் பேரை மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். திருவிழா எந்த மாசம்ங்கறது வரைக்கும். உங்களுக்கு வீடு போச்சுன்னா வேற கெடைக்கும். எனக்கு இது ஆறாவது வீடு."

அவள் பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் என் நம்பரைக் கேட்டு வாங்கினாள், எதற்கென்று சொல்லவில்லை.

மறுவாரம் போன் செய்தாள். காட்டூரில் இரண்டு அறை வீடு ஒன்று இருக்கிறது, தனியாக எடுக்க முடியாது, நீங்களும் வந்தால் சேர்ந்து இருக்கலாம் என்றாள். "கேள்வி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

போனோம். வீட்டுக்காரர் மரியாதையானவர். உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, ஊரைக் கேட்டார், அப்பாவைக் கேட்டார், பிறகு குலதெய்வத்தைக் கேட்டார். அவள் தடுமாறாமல் சொன்னாள். போன திருவிழாவில் கூட்டம் தாங்கவில்லை என்றுகூடச் சொன்னாள். அவர் மனம் குளிர்ந்து சாவியை எடுத்துவர எழுந்தார்.

நான் மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.