பூஜையறைக் கதவின் மணிகள்

எங்கள் எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி ஆசைப்பட்டது இவ்வளவுதான்: கொஞ்ச நேரம் யாரும் திறக்காத ஒரு கதவு. சிட்லபாக்கத்து ஃப்ளாட் வாழ்க்கையில் அது குதிரைக்கொம்பு.

மாமி தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவர். பிள்ளைகளோடு ஃபிலிம் கழுவி, படம் பிரிண்ட் போட அங்கே ஒரு இருட்டறை வைத்திருந்தார். அதை கம்ப்யூட்டர் லேப் ஆக்கியபோது, நெகட்டிவைப் பெரிதாக்கும் என்லார்ஜரைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். மாமி விடுவாரா? ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கட்டிலுக்கடியில் பழைய புடவை சுற்றிக் கிடந்ததை, போன வருஷம் ரிட்டயர் ஆன கையோடு வெளியே எடுத்தார்.

எங்கே வைப்பது? பாத்ரூம் ஜன்னலில் பக்கத்து பிளாக்கின் வெளிச்சம் அடித்தது. வீட்டிலேயே ஜன்னல் இல்லாத இடம் பூஜையறை ஒன்றுதான். அதைக் கேட்டதும் கணவர் ராஜகோபாலன் மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மாமியும் விடவில்லை. கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் என்று முடிவானது. சாமி படங்களுக்குத் திரை போட வேண்டும், மாமி வேலையை முடித்த பிறகுதான் விளக்கேற்றுவது.

இருட்டறையில் சிவப்பு வெளிச்சம் மட்டும் இருக்கலாம், வேறு வெளிச்சம் பட்டால் பிரிண்ட் போடும் பேப்பர் கறுத்துவிடும் என்றார் மாமி. நான் எங்கள் கிறிஸ்துமஸ் ஸ்டாரில் போடும் சிவப்பு பல்பைக் கொண்டுபோனேன். சோதித்துப் பார்த்ததில் பேப்பர் சாம்பல் பூத்தது. சாமி படத்துக்கு மேலே எரியும் குட்டி எல்இடி சிவப்பு பல்பில் ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டு ஜென்சி கொண்டுவந்தது தோற்றுப்போச்சு என்று மாமா மூன்றாவது மாடி வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

கதவுதான் பேஜார். பூவேலைக்கு நடுவே ஓட்டைகள், வரிசையாகக் குட்டி மணிகள். உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. ஓட்டைகளை உள்ளேயிருந்து கறுப்பு சார்ட் ஒட்டி அடைத்தோம். ஒரு தாழ்ப்பாளும் போட்டுவிடலாம் என்றேன். சாமி அறைக்குத் தாழ்ப்பாளா என்று மாமா ஒரே பிடியாக மறுத்து, தான் திறக்கவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

முதல் சனிக்கிழமை நானும் உள்ளே இருந்தேன். படம் தலைகாட்டும் நேரம், வெளியே இருட்டியிருக்கும் போல. மாமாவின் கை காலமெல்லாம் செய்ததையே செய்தது. கதவைத் தள்ளி, லைட்டைப் போட்டு, கன்னத்திலும் போட்டுக்கொண்டது. பேப்பர் தார் மாதிரி கறுத்துவிட்டது.

அடுத்த வாரம், தீப்பெட்டி எங்கே என்று கேட்கத் திறந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மாமி கத்தவில்லை. கறுத்த தாளை அலசி அவர் கையில் கொடுத்தார்.

"கல்யாணமானதிலேர்ந்து இந்த ஆத்துல நான் ஒரு கதவையும் சாத்திண்டதில்லை. கேட்டது இது ஒண்ணுதான். முடியாதுன்னா சொல்லிடுங்கோ, எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துடறேன்."

தாளிலிருந்து தண்ணீர் மாமாவின் வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. என்லார்ஜர் மறுபடி கட்டிலுக்கடியில்தான் போகும் என்று எனக்கு மனசே ஆறவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாமி என்னைக் கூப்பிடமாட்டார் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டார். மாமி பேப்பரை மருந்து ட்ரேயில் அமிழ்த்தினார். முதலில் ஏரிக்கரைக் கம்பிவேலி வந்தது, பிறகு ஒரு குடை, பிறகு மாமா. வாக்கிங்கில் முன்னால் போனவர், மாமி வருகிறாரா என்று திரும்பிப் பார்த்த நேரம். எடுத்தது அவருக்கே தெரியாது.

வெளியே காலடிச் சத்தம். மாமியின் கை ட்ரேக்கு மேலேயே நின்றுவிட்டது. கதவு அசையவில்லை. ஒரே ஒரு மணி மட்டும் மெல்லக் கிணுங்கியது.

"குஜா, விளக்கேத்தணும். வரலாமா?"

சாமிக்கு மட்டுமே மணியடித்துப் பழகிய மனுஷர். மாமிக்குக் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான்.

"இருங்கோ," என்றார் மாமி.

படத்தை அடுத்த ட்ரேக்கு மாற்றினார், அதற்கடுத்ததற்கு மாற்றினார், நிதானமாக அலசினார். அவசரப்படவே இல்லை. மாமா தீப்பெட்டியும் கையுமாக வெளியே நின்றுகொண்டிருந்தார்.