அக்கா பற்றவைக்காத அடுப்பு

அப்போது கேகாலையில், கொம்பியூட்டர் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து ஸ்க்ரூட்ரைவர் பிடித்தவன் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு. கடையில் ஊர் எது என்று கேட்டால் புளத்கொகுபிட்டிய என்று டவுன் பெயரைச் சொல்வேன். தோட்டம் என்ற சொல் வாயில் வராது.

அக்கா அந்தத் தோட்டத்தில்தான் இருந்தாள். ரப்பர் பால் வெட்டப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. அதோடு முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சி ஒன்றுக்கும் போய்வந்தாள். பயிற்சி நடத்தியவர்கள் பழைய லெப்டொப் ஒன்றை இரவல் கொடுத்து, இருபது பக்க அறிக்கையைத் தட்டச்சு செய்து தரச் சொல்லியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் கொடுத்தால் சான்றிதழ். சான்றிதழ் கிடைத்தால், தோட்டத்தில் புதிதாகத் திறக்கிற முன்பள்ளிக்கு அவள்தான் டீச்சர்.

லெப்டொப் வீட்டுக்கு வந்த அன்றே நான் உட்கார்ந்து, வைரஸைத் தடுக்கிற வைரஸ் கார்ட் மென்பொருள் ஒன்றை அதில் போட்டுக்கொடுத்தேன். "இனி ஒரு பூச்சியும் அண்டாது" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு போனபோது அக்கா சொன்னாள்: "தம்பி, இது கொதிக்குது. கால் மணித்தியாலத்துல தானா அணைஞ்சிருது. டைப் பண்ணுனதெல்லாம் போயிருது."

அடியில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. கடைக்கு யார் கொண்டுவந்தாலும் முதலில் ஓன் பண்ணி, உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கிறவன் நான். அன்று அதைச் செய்யவில்லை. நிமிர்ந்து அந்த ஒற்றை அறைக் காம்பராவைத்தான் பார்த்தேன். தகரக் கூரை, புகை பிடித்த சுவர், மூலையில் அடுப்பு. இதற்குமேல் என்ன பார்க்கக் கிடக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன்.

"அடுப்படியில வச்சிக்கிட்டா கொதிக்காம என்னா செய்யும்? ஏசி ரூம்ல வைக்கிற சாமான் இது. லயத்து வெக்கைக்குத் தாங்குமா?"

"தள்ளித்தானே தம்பி வச்சிருக்கேன்."

"இந்தக் காம்பராவுல எங்க தள்ளி வைக்கிறது?"

லெப்டொப் விசிறியில் அடைந்திருந்த தூசியை ஊதிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கடைக்கு வந்து டைப் பண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லயத்து அக்காவைக் கடையில் காட்ட எனக்கு வெட்கமாயிருந்தது.

நான் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்ததும் லெப்டொப்பை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறாள். சரிவரவில்லை. பிறகு சார்ஜ் ஏற்றி எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போய்க் குளிர்ந்த கல்லின்மேல் வைத்திருக்கிறாள். குடத்தோடு வந்த பெண்கள், "என்னா டீச்சர், பொட்டிக்குக் காச்சலா? நெத்தியில பத்துப் போடவா?" என்று சிரித்திருக்கிறார்கள். கடைசி நாலு நாளும் அவள் அடுப்பையே பற்றவைக்கவில்லை. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் மூன்று வேளையும் கடைப் பாணும் சம்பலும்தான். தேத்தண்ணிக்குக்கூடப் பக்கத்துக் காம்பராவுக்குப் போயிருக்கிறார்கள். இதெல்லாம் அத்தான் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஞாயிறுகளில் நான் வீட்டுக்கே போகவில்லை.

மாதம் முடிந்தது. பதினொரு பக்கத்தோடு நின்றுபோன அறிக்கையைப் பயிற்சி நடத்தியவர்கள் ஏற்கவில்லை. கீழ் டிவிசனிலிருந்து இன்னொரு பெண் டீச்சராக வந்தாள்.

லெப்டொப்பைத் திருப்பிக் கொடுக்குமுன் ஒருதரம் பார்த்துத்தரச் சொல்லி, அத்தான் கையில் அதைக் கடைக்கு அனுப்பியிருந்தாள் அக்கா. மின்விசிறிக்குக் கீழே, மேசையில் வைத்து ஓன் செய்தேன். அங்கே அடுப்பில்லை, தகரமில்லை. பத்து நிமிடத்தில் அதே சூடு. அப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தேன். அதில் ஏற்கெனவே ஒரு வைரஸ் கார்ட் இருந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் நான் இன்னொன்றைப் போட்டிருக்கிறேன். ஒன்று தொட்ட ஃபைலை மற்றது சந்தேகப்பட்டு, இரண்டும் திரைக்குப் பின்னால் ஓயாமல் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டிருந்தன. நான் போட்டதை நீக்கினேன். அரை மணித்தியாலம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சொல்லிவிடவேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனேன். அக்கா தேத்தண்ணி வைக்க அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"என்னா தம்பி கோளாறு?"

"சூடுதான்க்கா."

"நீ அப்பவே சொன்ன. நான்தான் கவனமில்லாம இருந்துட்டேன்."

அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா இன்னும் பிள்ளைக்காம்பராவில்தான் இருக்கிறாள். வீட்டுக்குப் போனால் என் கைபேசியை எங்காவது வைத்துவிடுவேன். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, அதை எடுத்து, அடுப்புக்கு எட்டாத ஜன்னல் கட்டையில் வைப்பாள்.

"இங்க இருக்கட்டும் தம்பி. லயத்து வெக்க, ஒனக்குத்தான் தெரியுமே."