இரண்டு விசிலுக்கு எழுந்த வீடு

எங்கள் வீடு ஒரு முறை கிளம்பி மேலே போயிருக்கிறது. எவ்வளவு மேலே என்றால், எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த துணியை எங்கள் சமையலறை ஜன்னலில் இருந்தே கை நீட்டி எடுத்து மடித்து வைத்தேன். காக்கைகள் எங்களுக்குக் கீழே பறந்தன. தபால்காரர் கடிதத்தைக் கல்லில் கட்டி எறிந்தார். இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், நம்பியவர்களும் உண்டு. அச்சில் வரப்போகிறது என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்: மூன்றடி. துணியும் எங்கள் துணிதான். ஆனால் அன்று வீட்டுக்குள் விளிம்பு வரை நிரப்பி வைத்த டம்ளரில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை என்பதில் மட்டும் கலப்படம் கிடையாது. என் இரண்டு கண்ணாலும் கண்டது.

அந்த வீட்டைத் தூக்கியவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் அவர் ‘விசில்’தான்.

விசில் முதலில் பஸ் கண்டக்டர். ஒல்லியான மனிதர். எப்பேர்ப்பட்ட கூட்டத்திலும் ஊசி மாதிரி நுழைந்து நூல் மாதிரி வெளியே வருவார். தூங்குகிற பயணியைத் தட்டி எழுப்ப மாட்டார். அவர் இறங்கவேண்டிய இடம் வந்ததும் காதோரம் குனிந்து, கொசு பாடுகிற அளவுக்கு ஒரு விசில் கொடுப்பார். எழுந்தவர் திட்டினால், “கோவிச்சுக்காதீங்க, வீட்டுக்குப் போய் மிச்சத்தைத் தூங்குங்க” என்பார்.

ஒரு நாள் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். காக்கிச் சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், தோல்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வருஷக்கணக்காக ஒருவர் வாயில் இருந்த விசிலை வாங்கி என்ன செய்வது என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள். கழுத்தில் விசிலும் கையில் வேலையில்லாமலும் நின்றவரை, அவர் மனைவியின் அண்ணன் தன் தொழிலில் சேர்த்துக்கொண்டார். தொழில், தரையில் புதைந்துபோன வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் புதிய அஸ்திவாரம் கட்டிக்கொடுப்பது.

கேட்டால் பூதம் செய்கிற வேலை மாதிரி இருக்கும், பார்த்தால் பொறுமைக்காரன் செய்கிற வேலை. சுவரோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டுவார்கள். சுவருக்கு அடியில் இரும்புச் சட்டத்தைக் கொடுத்து, சட்டத்துக்கு அடியில் ஜாக்கிகளை வரிசையாக நிறுத்துவார்கள். லாரிக்குச் சக்கரம் மாற்ற வைக்கிற அதே ஜாக்கிதான். வீடு பழைய கடைக்காலில் இருந்து விடுபட்டு, மரவட்டை மாதிரி எக்கச்சக்கமான கால்களில் நிற்கும். பிறகு ஒவ்வொரு ஜாக்கியையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, எல்லோரும் ஒரே நேரத்தில் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். ஒரே நேரத்தில் என்பதில்தான் தொழிலே இருக்கிறது. ஒருவர் முந்தினால் சுவர் விரியும்.

மச்சான் அதுவரை தொண்டையைக் கிழித்துக்கொண்டு “திருப்பு!” என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் ‘தி’ என்னும்போதே முன்பக்கத்துக்காரன் திருப்பிவிடுவான், பின்பக்கத்துக்காரன் முதுகைச் சொறிந்து முடித்துவிட்டு “என்னது?” என்பான். இதைப் பொறுக்க முடியாமல் ஒரு நாள் நம்மவர் கழுத்தில் கிடந்ததை வாயில் வைத்து இரண்டு விசில் கொடுத்தார். அத்தனை பேரும் ஒன்றாகத் திருப்பினார்கள். ஒரு விசில் கொடுத்தார், அத்தனை கைகளும் நின்றன. யாருக்கும் எதுவும் சொல்லித்தரவில்லை. இரண்டு விசில் என்றால் கிளம்பு, ஒன்று என்றால் நில். பஸ்ஸில் போன ஒவ்வொருவருக்கும் தெரிந்த பாஷைதானே.

அன்றிலிருந்து மச்சானுக்குத் தொண்டை பிழைத்தது, இவருக்குப் பெயர் கிடைத்தது.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் மாமனார் கட்டியபோது தெருவில் இருந்து மூன்று படி ஏறி உள்ளே போக வேண்டுமாம். ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டின் மேலேயே புதிய ரோட்டைப் போட்டுப் போட்டு, கடைசியில் நாங்கள் மூன்று படி இறங்கிப் போனோம். மழை பெய்தால் தெருத் தண்ணீர் அழைக்காத விருந்தாளியாக வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வாசலில் விட்ட செருப்பைச் சமையலறையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு மழைக்கு என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே தெருமுனை வரை போய்வந்தார். (இதுவும் கொஞ்சம் கூடுதல். கதவு வரைக்கும்தான்.)

இடித்துக் கட்டுவதா, தூக்கிக் கட்டுவதா என்று பேச்சு வந்தது. தூக்குவது என்று முடிவானபோது என் நாத்தனார் எழுந்து நின்றாள். என் வீட்டுக்காரரின் தங்கை, டைப்பிங் டீச்சர். அந்த வீட்டில் பிறந்தவள், முன்னறையிலேயே டைப்ரைட்டர்களை வரிசையாகப் போட்டு வகுப்பு நடத்தியவள். ஊரில் பாதிப் பேருக்கு விரல் திருத்தியவள் அவள்தான்.

“தூக்கறதுக்கு வீடு என்ன பாயா? சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கவா?” என்றாள்.

அப்போது பேச வந்திருந்த விசில், “டீச்சரம்மா, நீங்க உள்ளேயே ஒக்காந்திருங்க. தூக்கினதே தெரியாது. டம்ளர்ல தண்ணி வச்சா சிந்தாது” என்று சொல்லித்தொலைத்தார். சும்மா பேச்சுக்குச் சொன்னது. நாத்தனாரிடம் பேச்சுக்கு என்று ஒன்றும் கிடையாது.

“சரி, வைக்கிறேன். தளும்பத் தளும்ப வைக்கிறேன். சிந்திச்சுன்னா?”

பக்கத்தில் நின்ற மச்சானுக்குக் கௌரவம் பொங்கிவிட்டது. “சிந்திச்சுன்னா, இவன் இந்தத் தொழில்லயே இல்ல. மாப்ள, கேட்டுக்கோ. இது நீ தனியாப் பாக்குற மொத வீடு. டம்ளர் சிந்தின சேதி வந்துச்சுன்னா, விசிலைக் கழட்டி என் தங்கச்சி கைல குடுத்துட்டு, வீட்ல ஒக்காந்து வெங்காயம் உரி.”

விசிலின் முகம் அப்போதே வெங்காயம் உரித்தது மாதிரி ஆனது. மச்சான் சொன்னால் சொன்னதுதான். ஒரு வேலை போய் இன்னொன்றில் கால் ஊன்றியிருக்கும் மனிதர். இதுவும் போனால் கழுத்தில் விசில் தொங்க எந்தத் தெருவில் நிற்பது?

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் வாசலுக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப். வேறு கம்பெனி பஸ், ஆனால் அதே இரண்டு விசில். விசில் அதை முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டார். “கவலைப்படாதீங்க அக்கா. இந்த ரூட்டு டைம் முழுக்க எனக்கு மனப்பாடம். பஸ் வர்ற நேரத்துல ஜாக்கிய விட்டுட்டு எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க” என்றார். அப்படியே செய்தார். பஸ் வருமுன் வேலை நிற்கும், போன பிறகு நடக்கும். வீடு ஒவ்வொரு கால் சுற்றாக, மூச்சு இழுத்த மாதிரி, ஏறிக்கொண்டே வந்தது.

கடைசி நாள். இன்னும் நான்கு விரல் உயர்ந்தால் முடிந்தது. நாத்தனார் முன்னறை ஜன்னலோர மேஜையில் பித்தளை டம்ளரை வைத்து, காலையிலேயே விசிலை உள்ளே கூப்பிட்டு அவர் கையாலேயே தண்ணீர் ஊற்ற வைத்தாள். தண்ணீர் விளிம்புக்கு மேல் புடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் வெளியே.

மதியச் சாப்பாட்டுக்குக் கொல்லைப்பக்கம் போனார்கள். திரும்பி வந்த விசில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மத்தியான பஸ் போயிருக்கும். இனிமே சாயங்காலம்தான். வாங்கப்பா.”

கண்டக்டராக வேலை பார்த்த மனிதர். உலகத்தில் வேறு யார் நம்பினாலும் மன்னித்துவிடலாம், பஸ் நேரத்துக்கு வந்து போயிருக்கும் என்று அவர் நம்பினார்!

விசில் கொல்லைப்பக்கம் நின்று இரண்டு கொடுத்தார், ஒன்று கொடுத்தார். வீடு கால் சுற்று ஏறியது. அடுத்ததற்கு அவர் மூச்சு இழுக்கும்போது, தாமதமாகக் கிளம்பிய மதிய பஸ் வாசலுக்கு வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். அந்தக் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். தெருப்பக்க ஜாக்கிக்காரர்கள் சுவருக்கு அடியில் தலையைக் கொடுத்துக் குனிந்திருந்தார்கள். பஸ்ஸைக் கண்டார்களா? காதில் விழுந்தது, திருப்பினார்கள். இறங்கிய ஒருவர் “ஐயோ என் குடை!” என்று பஸ்ஸைத் தட்டினார். ஒரு விசில், நின்றார்கள். குடை கிடைத்தது. மறுபடி இரண்டு விசில். மறுபடி திருப்பினார்கள். பஸ் சந்தோஷமாகப் போய்விட்டது.

பஸ்ஸுக்குள் ஊதிய விசில் கொல்லைப்பக்கத்துக்காரர்கள் வரை வந்து சேரவில்லை. வீடு முன்பக்கம் மட்டும் மூக்கைத் தூக்கி, ‘க்ர்ர்ர்’ என்று ஒரு ஏப்பம் விட்டது. ஜன்னல் கதவுகள் தாமாக அடித்துச் சாத்திக்கொண்டன. வாசல் கதவு நிலையில் இறுகிப் பூட்டிக்கொண்டது. உள்ளே நாத்தனார்.

நீளமாக ஒரு விசில் கேட்டது. அப்புறம் விசிலே ஓடிவந்தார். அந்த வேகத்தை நான் பஸ்ஸில்கூடப் பார்த்ததில்லை. நேராக முன்னறை ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

“டீச்சரம்மா! டீச்சரம்மா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? எதுவும் மேல விழலையே?”

உள்ளேயிருந்து, வகுப்பில் தப்படித்த பிள்ளையிடம் பேசுகிற குரல்: “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீங்க போய் உங்க வேலையப் பாருங்க.”

அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். முன்பக்க ஆட்களிடம், “எத்தனை தடவை திருப்பினீங்க? பயப்படாம சொல்லுங்க” என்றார்.

“ரெண்டு தடவைண்ணே. விசில் வந்துச்சுண்ணே...”

“உங்க தப்பு இல்ல. கையை எடுத்துட்டுத் தள்ளி நில்லுங்க.”

கொல்லைப்பக்க வரிசைக்கு எதிரே போய் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்தார். “இனிமே காதை நம்பாதீங்க, கண்ணை நம்புங்க. துண்டு மேல போனா திருப்பு, கீழ வந்தா நிறுத்து.” துண்டு ஏறியது, இறங்கியது. பிறகு இன்னொரு முறை. தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயை இரண்டு முனைக்கும் பிடித்து மட்டம் பார்த்தார்கள். சரியாக இருந்தது. வாசல் கதவு, யாரும் தொடாமலே, “சரி, போனால் போகட்டும்” என்பதுபோல் விட்டுக்கொடுத்தது.

அந்த நேரம் பார்த்து மச்சான் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சேதி தெருமுனையிலேயே கிடைத்திருந்தது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நேரே உள்ளே போனார், நாங்களும் பின்னால். நாத்தனார் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முந்தானை மட்டும் நனைந்திருந்தது. “பயத்துல வேர்த்துக் கொட்டிருச்சு பாரு” என்று நான்தான் முதலில் சிரித்தேன். அவள் முறைத்தாள்.

மேஜையில் பித்தளை டம்ளர். தண்ணீர் விளிம்பு வரை, தளும்பத் தளும்ப.

மச்சான் குனிந்து பார்த்தார். சுற்றிவந்து பார்த்தார். மேஜையைத் தடவிப் பார்த்தார், காய்ந்திருந்தது. பிறகு நிலைக்கு மேலே ஓடிய மெல்லிய கீறலைக் காட்டி, “இது?” என்றார்.

“அது எங்கப்பா காலத்துது” என்றாள் நாத்தனார்.

மச்சானின் முகம் விரிந்தது. “மாப்ள!” என்று அவர் கொடுத்த அறையில் விசிலுக்கு மூன்று நாள் முதுகு வலித்தது. விசில் டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து, அத்தனை பேர் நடுவிலும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கவிழ்த்து வைத்தார். நாங்கள் கைதட்டினோம்.

அப்புறம் அடியில் கடைக்கால் எழுந்தது, ஜாக்கிகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. நாங்கள் மறுபடி மூன்று படி ஏறுகிறவர்களானோம். விசிலின் புகழும் ஏறியது. எத்தனையோ வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு நூலகத்தைக்கூடப் புத்தகங்களோடு தூக்கினார். மச்சான் ஓய்வெடுத்தபோது ஜாக்கிகள் எல்லாம் இவர் கைக்கு வந்தன. ஆனால் பஸ் ஓடுகிற தெரு என்றால் இன்றைக்கும் துண்டுதான். வீட்டில் மட்டும் பழக்கம் விடவில்லை. சாப்பாடு தாமதமானால் சமையலறைப் பக்கம் திரும்பி இரண்டு விசில் கொடுப்பார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஒன்று கொடுப்பார். அந்த அம்மாவும் ஒரு விசில் வாங்கி வைத்திருக்கிறார்.

ரோடு மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் விசில் டேப்போடு வந்து எங்கள் படியை அளந்துவிட்டு, “அக்கா, இன்னும் ரெண்டு தார் போட்டா நாம மறுபடி சந்திக்கலாம்” என்பார். நேற்றும் அப்படித்தான் வந்தார். எழுதியதை அவருக்கும் நாத்தனாருக்கும் முன்னறையில் வைத்து வாசித்துக் காட்டினேன். விசில் நடுவில் இரண்டு இடத்தில் வெட்கப்பட்டார். முடித்துவிட்டு, “ஒரு சொட்டுச் சிந்தலைங்கறத தலைப்பாவே வச்சிடலாமா?” என்று கேட்டேன்.

நாத்தனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். “தப்பா அடிச்சா அழிச்சுட்டுத் திருத்தி அடிக்கணும் அண்ணி. பாதி டம்ளர் மேஜையில கொட்டிருச்சு. முந்தானையால தொடச்சுட்டு நான்தான் மறுபடி ஊத்தி வச்சேன். அந்தக் கீறலும் அன்னிக்கு வந்ததுதான்.”

என் வாய் மூடவில்லை. “நீயா? பந்தயம் கட்டினவளே நீதானேடி!”

“ஜன்னல்ல வந்து மொதல்ல டம்ளரப் பத்திக் கேப்பாருன்னு இருந்தேன். கேக்கவே இல்லையே. எனக்கு என்னாச்சுன்னுதானே கேட்டாரு.”

நான் விசிலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அன்னிக்கே தெரியும் அக்கா. காலையில நான் ஊத்தின தண்ணி, மத்தியானம் வரைக்கும் ஜன்னல் வெயில்ல இருந்துச்சு. குடிச்சா பானைத் தண்ணி மாதிரி சில்லுன்னு எறங்குது. அதான் மச்சான் தொட்டுப் பாக்கறதுக்குள்ள முழுசையும் குடிச்சுட்டேன்.”